வகுப்பறை இணையத்தைக் கண்காணிக்க எந்த வலையமைப்புச் சுவிட்சை வாங்குவது?

2023 ஆகஸ்டு 6, ஞாயிறு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில், கோயிலை ஒட்டிய மண்டபத்தில் ஞாயிறுதோறும் காலை 9 முதல் 11 வரை தமிழ் வகுப்பு நடக்கிறது. ஆசிரியை டோங்காட்டிலிருந்து காணொளி வழியாகப் பாடம் நடத்துகிறார். ஃபைபர் இணைப்பில் இறக்கம், அதாவது பதிவிறக்க வேகம், நொடிக்கு 20 மெகாபிட்; ஏற்றம், அதாவது பதிவேற்ற வேகம், 10 மெகாபிட். ஒரு காணொளி அழைப்புக்கு இது தாராளமாகப் போதும். ஆனாலும் வகுப்பு தொடங்கிக் கால் மணி நேரத்துக்குள் படம் உறைந்துவிடுகிறது. ழகரத்தைச் சொல்லித்தர ஆசிரியை நாவை மடித்துக் காட்டும் அந்த ஒரு நொடியில் படம் நின்றுவிட்டால், பிள்ளைகள் காதில் விழுவதை வைத்து 'ள' என்றே சொல்லிவிட்டுப் போகிறார்கள். 1860இல் ட்ரூரோ கப்பலில் இந்தக் கரைக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு அந்த எழுத்து மீண்டும் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை பாடும்.

வார நாட்களில் இணையம் குறையின்றி ஓடுகிறது. ஞாயிறு காலையில் மட்டும் தடுமாறுகிறது. மூத்த மாணவர்கள் தங்கள் கைப்பேசிகளில் காணொளி பார்ப்பதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன். எந்தக் கருவி எவ்வளவு இணையத்தை எடுக்கிறது என்று பார்க்கக் குறைந்த விலையில் என்ன வாங்கலாம்? கோயில் நிதியிலிருந்து 1000 ரேண்டுக்கு மேல் கேட்க எனக்கு மனமில்லை.

அதே நாள், இரவு

எதையும் வாங்குவதற்கு முன் ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று என் தம்பி சொன்னார். அவர் டர்பனின் பீனிக்ஸ் பகுதியில் அலுவலக வலையமைப்புகளைப் பராமரிக்கிறவர். பார்த்தேன். இணைந்துள்ள கருவிகளின் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொன்றும் எவ்வளவு பயன்படுத்துகிறது என்ற கணக்கு எங்கள் ரூட்டரில் இல்லை. உங்கள் ரூட்டரில் அந்தக் கணக்கு இருந்தால் இதற்குக் கீழே உள்ள எதுவும் உங்களுக்குத் தேவைப்படாது.

2023 ஆகஸ்டு 9, புதன்

மகளிர் தின விடுமுறை என்பதால் மண்டபத்து அலமாரியைத் துப்புரவு செய்தபோது, கணினிகளைக் கேபிளால் இணைக்கும், இருபது ஆண்டுப் பழமையான எட்டுத் துளை ஹப் ஒன்று கிடைத்தது.

சுவிட்ச் என்பது எந்தத் துளையில் எந்த முகவரியுடைய கருவி இருக்கிறது என்று கற்றுக்கொண்டு, உரிய துளைக்கு மட்டும் பாக்கெட்டை, அதாவது தரவுத் துண்டை, அனுப்புவது. அதனால் நம் மடிக்கணினியைச் சுவிட்சில் செருகி, கேபிளில் வரும் பாக்கெட்டுகளைப் பதிந்து காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்தால், நமக்கு வருவதும் எல்லாருக்குமான அறிவிப்புகளும் தவிர வேறெதுவும் தெரியாது. ஹப்புக்கு அந்தக் கற்றல் கிடையாது. ஒரு துளையில் வந்ததை மற்றெல்லாத் துளைகளிலும் அப்படியே ஒலிபரப்பிவிடும். ஆகவே ரூட்டருக்கும் எங்கள் 16 துளை சுவிட்சுக்கும் இடையில் ஹப்பை வைத்து, மூன்றாம் துளையில் மடிக்கணினியைச் செருகினால் மண்டபத்தின் இணையப் போக்குவரத்து முழுவதும் தெரிய வேண்டும். எங்கள் இணைப்பின் இரு திசையையும் கூட்டினாலும் 30 மெகாபிட்தான். 100 மெகாபிட் ஹப் அதைத் தாங்கும்.

2023 ஆகஸ்டு 10

சட்டத்தைப் பற்றி முதல் குறிப்பிலேயே எழுதியிருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் பிறருடைய தகவல்தொடர்பை இடைமறிப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம், 'ரிக்கா' என்று நாம் சொல்வது, 2002ஆம் ஆண்டின் 70ஆம் எண் சட்டம். தொடர்பில் ஈடுபடுபவர்களில் ஒருவர் முன்கூட்டி எழுத்து மூலம் இசைவு தந்தால் இடைமறிப்பதற்கு அதில் இடமுண்டு. இதனுடன் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும், அதாவது 'போப்பியா', 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. சிறுவர்களின் தகவலுக்குப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்று அது கேட்கிறது.

எனவே பெற்றோர் அனைவருக்கும் ஒரு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறேன். எந்தக் கருவி, எந்த நேரம், எத்தனை பைட் என்பவை மட்டும் குறித்துக்கொள்ளப்படும், உள்ளடக்கம் சேமிக்கப்படாது, காரணம் தெரிந்தவுடன் பதிவுகள் அழிக்கப்படும். கையொப்பம் வராத வீட்டுப் பிள்ளைகள் அளவெடுக்கும் நாளில் வைஃபையில் சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சட்டத்துக்காக மட்டும் இதைச் செய்யவில்லை. நாளைக்கு ஒரு பிள்ளையின் தாய் என்னிடம் வந்து கேட்டால், நேராக முகம் பார்த்துப் பதில் சொல்ல எனக்கு முடிய வேண்டும்.

2023 ஆகஸ்டு 13, ஞாயிறு

ஹப் தோல்வி. இரண்டு மணி நேரம் பதிவு செய்தும் அறிவிப்புப் பாக்கெட்டுகளைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. படம் வழக்கம்போல் நான்கு முறை உறைந்தது. வகுப்பு முடிவில் மூத்த மாணவர்கள் ஆறு பேரை நிறுத்தி, கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு வரும்படி சற்றுக் கடுமையாகவே சொன்னேன்.

2023 ஆகஸ்டு 14

காரணம் தெரிந்துவிட்டது. என்னுடைய ஹப் 10 மெகாபிட், 100 மெகாபிட் ஆகிய இரு வேகங்களிலும் இயங்குவது. அத்தகைய ஹப்புக்குள் உண்மையில் இரண்டு ஹப்புகளும், அவற்றை இணைக்கும் சிறிய சுவிட்ச் ஒன்றும் இருக்கின்றன. என் மடிக்கணினியின் பழைய கேபிள் காரணமாக அது 10 மெகாபிட்டில் இணைந்திருந்தது. ரூட்டரும் மற்றவையும் 100 மெகாபிட் பக்கம் இருந்தன. நடுவிலுள்ள சுவிட்ச் தன் கடமையைச் செய்து, எனக்குரியவை அல்லாத பாக்கெட்டுகளை என் பக்கம் விடவில்லை. கேபிளை மாற்றியதும் எல்லாம் தெரிந்தன. ஆனால் பாக்கெட்டுகள் மோதுவதைக் காட்டும் விளக்கு ஓயாமல் மினுக்கியது. ஹப்பில் ஒரே நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால் அப்படி நேர்கிறது. தாமதமும் சற்றுக் கூடியது. உறைகிற இணைப்பின் காரணத்தைத் தேடும்போது, அதை இன்னும் உறைய வைக்கும் கருவியை நடுவில் வைப்பது முறையன்று.

இதைப் படித்துவிட்டு ஹப் தேடிக் கடைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இப்போது கடைகளில் ஹப் என்று பெயரிட்டு விற்கும் ஈதர்நெட் பெட்டிகளும் பெரும்பாலும் சுவிட்சுகளே. கிகாபிட் வேகத்தில் ஹப் என்பது நடைமுறையில் கிடைக்காத பொருள்.

2023 ஆகஸ்டு 17

இணைப்பில் ஓடுவதை நடுவிலிருந்து கேட்க உதவும், 'எறி நட்சத்திரம்' என்ற வடிவில் வரும் சிறிய மின்சுற்றுத் தட்டைப் பற்றித் தம்பி சொன்னார். கிரேட் ஸ்காட் கேஜெட்ஸ் என்ற நிறுவனத்தின் வடிவமைப்பு. நான்கு துளைகள், மின்சாரமே தேவையில்லை. இரண்டு துளைகள் இணைப்பின் நடுவில் உட்காரும். மற்ற இரண்டில் ஒன்று ஒரு திசையையும், இன்னொன்று மறுதிசையையும் காட்டும். இரு திசைகளையும் பார்க்க மடிக்கணினியில் இரண்டு ஈதர்நெட் துளைகள் வேண்டும்.

இதன் எல்லையைப் புரிந்துகொள்ள நேரம் எடுத்தது. 100 மெகாபிட்டில் கேபிளுக்குள் ஒரு இணைக்கம்பி (இரண்டு கம்பிகள்) போவதற்கு, ஒரு இணைக்கம்பி வருவதற்கு. ஆகவே கம்பியைத் தொட்டாலே கேட்டுவிடலாம். கிகாபிட்டிலோ நான்கு இணைக்கம்பிகளிலும் இரு முனைகளும் ஒரே சமயத்தில் பேசுகின்றன. தான் அனுப்பியதை மொத்தச் சமிக்ஞையிலிருந்து கழித்து, எதிர்முனை சொன்னதை ஒவ்வொரு முனையும் பிரித்தறிகிறது. நடுவில் நிற்கும் மூன்றாமவர் அப்படிக் கழிக்க இயலாது. அதனால் இந்தத் தட்டில் 220 பைக்கோஃபாரட் மின்தேக்கிகளைப் பொருத்தி, கிகாபிட் இணைப்பை வேண்டுமென்றே 100 மெகாபிட்டுக்கு இறங்கச் செய்திருக்கிறார்கள். கிகாபிட்டை உண்மையாகவே கேட்க, மின்சாரத்தில் இயங்கும் இதே வகைக் கருவி ('டேப்') வேண்டும். அதன் விலை எங்கள் கணக்குக்கு எட்டாது.

எங்கள் 20 மெகாபிட் இணைப்புக்கு அந்தச் சிறு தட்டே போதுமானது என்பதை மறுக்கவில்லை. மின்வெட்டின்போதும் அது இணைப்பை அறுக்காது. எனினும் வெளிநாட்டிலிருந்து தருவிக்க வாரங்கள் ஆகும். இரண்டு துளைகளுள்ள மடிக்கணினியும் என்னிடம் இல்லை.

2023 ஆகஸ்டு 19, சனி

சுவிட்ச் வாங்கிவிட்டோம்: டிபி-லிங்க் டிஎல்-எஸ்ஜி105ஈ. ஐந்து துளை, கிகாபிட், போர்ட் மிரரிங் உண்டு. அதாவது நாம் குறிப்பிடும் துளையில் போகிற வருகிற பாக்கெட்டுகளின் பிரதி ஒன்றை இன்னொரு துளைக்கும் அனுப்பும். நான் கொடுத்தது 500 ரேண்டுக்கும் குறைவு.

கடையில் ஒரு தவறு நேர இருந்தது. ஈ என்ற எழுத்து இல்லாத டிஎல்-எஸ்ஜி105 பக்கத்திலேயே, கொஞ்சம் மலிவாக, ஏறக்குறைய அதே தோற்றத்தில் இருந்தது. அதில் மிரரிங் கிடையாது. நெட்கியரிலும் இதே கதைதான்: ஜிஎஸ்105ஈ மிரரிங் செய்யும், ஜிஎஸ்105 செய்யாது. பெட்டியில் உள்ள மாடல் எண்ணை எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். பழைய பதிப்பு கைக்கு வந்தால் அமைப்பதற்கு விண்டோஸ் மென்பொருள் தேவைப்படலாம். பின்னர் வந்தவற்றை உலாவியிலேயே அமைக்கலாம்.

லாட்வியாவைச் சேர்ந்த மைக்ரோடிக் நிறுவனத்தின் ஹெக்ஸ் ரூட்டரையும் பரிசீலித்தோம். மிரரிங் மட்டுமல்ல, பாக்கெட்டுகளைத் தானே பிடித்து வேறொரு கணினிக்கு அனுப்பவும் அதனால் முடியும்; ஒவ்வொரு முகவரிக்கும் வேகக் கட்டுப்பாடு வைக்கலாம். கற்றுக்கொள்ள நேரமுள்ளவர்களுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். எனக்குப் பிறகு இந்த மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் யாரென்று தெரியாத நிலையில், எளிய பெட்டியே நல்லது என்று முடிவு செய்தேன்.

2023 ஆகஸ்டு 20, ஞாயிறு

சுவிட்சைத் தவறான இடத்தில் வைத்துவிட்டேன். ஃபைபர் பெட்டிக்கும் ரூட்டருக்கும் இடையில் பொருத்தினேன்; வெளியே போகும் வாசலில் நின்றால் எல்லாரையும் பார்க்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் ரூட்டர் உள்ளே இருக்கும் எல்லாக் கருவிகளின் முகவரிகளையும் தன் ஒரே பொது முகவரியாக மாற்றித்தான் வெளியே விடுகிறது. ஆகவே இரண்டு மணி நேரப் பதிவிலும் அனுப்புநர் ஒருவரே.

அப்படியும் அந்தப் பதிவு வீணாகவில்லை. வரைபடத்தைப் பார்த்தபோது இறக்கம் 4 மெகாபிட்டைக்கூடத் தாண்டவில்லை, ஏற்றமோ 9.20 மணி முதல் 10 மெகாபிட்டில் தட்டையாகக் கிடக்கிறது. மாணவர்கள் காணொளி பார்த்திருந்தால் நிரம்பியிருக்க வேண்டியது இறக்கம். நான் இத்தனை நாளும் யார் பதிவிறக்குகிறார்கள் என்று தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் ஆட்களில் யாரோ, எதுவோ, வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறது.

ஏற்றம் நிரம்பினால் இறக்கமும் ஏன் தடுமாறுகிறது என்பதையும் எழுதிவிடுகிறேன். நமக்கு வந்த ஒவ்வொரு தொகுதிக்கும் 'பெற்றுக்கொண்டேன்' என்ற சிறு விடையை நம் பக்கம் அனுப்ப வேண்டும். ஏற்றத்தின் வரிசையில் பெரிய பாக்கெட்டுகள் நெருக்கி நிற்கும்போது அந்தச் சிறு விடைகளும், ஆசிரியைக்குப் போக வேண்டிய பிள்ளைகளின் குரலும் பின்னால் காத்து நிற்கின்றன. பிங் நேரம், அதாவது ஒரு சிறு பாக்கெட் போய்த் திரும்ப ஆகும் நேரம், 15 மில்லிநொடியிலிருந்து 900க்கு ஏறியதை இன்று கண்ணால் பார்த்தேன்.

2023 ஆகஸ்டு 22

மிரரிங்கில் பாக்கெட் தவறிப்போகுமா என்று தம்பியிடம் கேட்டிருந்தேன். தவறும். கிகாபிட் துளை ஒன்றில் போவது 1 கிகாபிட், வருவது 1 கிகாபிட். இரண்டையும் சேர்த்தால் 2. பிரதி வெளியேறும் துளையோ 1 கிகாபிட்தான் அனுப்பும். மிச்சத்தைச் சொல்லாமல் கைவிடும். மேலும், பழுதடைந்த பாக்கெட்டுகளைச் சுவிட்ச் தானே தள்ளிவிடுவதால் அவை பிரதியில் வருவதில்லை. கேபிள் கோளாற்றைக் கண்டுபிடிக்க மிரரிங் உதவாது. அதற்குத் துளையின் பிழைக் கணக்கைப் பார்க்க வேண்டும். 30 மெகாபிட் இணைப்புக்கு முதல் குறை பொருந்தாது. ஆனால் உள் சேமிப்புக் கணினிக்குக் கோப்புகளைக் கொட்டும் அலுவலகங்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

வட்டு அளவையும் கணக்கிட்டேன். நொடிக்கு 30 மெகாபிட் என்றால் 3.75 மெகாபைட், ஒரு மணி நேரத்துக்கு 13.5 கிகாபைட். ஒவ்வொரு பாக்கெட்டிலும் முதல் 96 பைட்டை மட்டும் எடுத்தால் இது மிகவும் சிறுத்துவிடும். பெற்றோருக்குக் கொடுத்த வாக்கும் காப்பாற்றப்படும். பதிவு செய்ய ராஸ்பெரி பை என்ற சிறு கணினியை வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் நான்காம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ பாருங்கள். 3பி+ இல் கிகாபிட் துளை யுஎஸ்பி 2.0 வழியாகப் போவதால் 300 மெகாபிட் அளவிலேயே நின்றுவிடுகிறது.

2023 ஆகஸ்டு 27, ஞாயிறு

சுவிட்சை ரூட்டருக்கு உட்புறம், 16 துளை சுவிட்சுக்கு முன்னால் வைத்தேன். மடிக்கணினியின் ஈதர்நெட் துளைக்கு முகவரி எதுவும் கொடுக்கவில்லை. அது கேட்க மட்டும் வேண்டும், பேசக் கூடாது. வயர்ஷார்க்கில் முனைகளின் பட்டியலைத் திறந்து, அனுப்பிய பைட்டுகளின்படி வரிசைப்படுத்தினேன்.

முதலிடத்தில் இருந்தது கைப்பேசி அன்று. பாதுகாப்புக் கேமராக்களின் பதிவுப்பெட்டி.

எட்டுக் கேமராக்கள். முற்றத்தில் அசைவு தென்பட்டால் அந்தக் காட்சியை வெளியிலுள்ள சேமிப்பகத்துக்கு ஏற்றும்படி, பொருத்தியவர்கள் அமைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வார நாட்களில் முற்றத்தில் அசைவே கிடையாது. ஞாயிறன்று நாற்பது பிள்ளைகளும் அவர்களை விட வரும் பெற்றோரும் நடமாடுகிறார்கள். எட்டுக் கேமராக்களும் ஒருசேர ஏற்றத் தொடங்குகின்றன. ஆறு மூத்த மாணவர்களின் கைப்பேசிகள் எல்லாம் சேர்ந்து அனுப்பியது, பதிவுப்பெட்டி அனுப்பியதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அன்று கடிந்துகொண்டது என் நெஞ்சில் உறுத்துகிறது.

2023 ஆகஸ்டு 28

சுவிட்ச் வாங்காமலேயே இதைக் கண்டுபிடித்திருக்கலாமா என்று இரவெல்லாம் யோசித்தேன். கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, பிங் நேரம் குறைகிறதா என்று பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். இதைச் சொன்னதற்குத் தம்பி, கோயில் உண்டியல் இருக்கும் இடத்தில் கூட்டமுள்ள நேரத்தில் கேமராப் பெட்டியைக் கழற்ற நிர்வாகக் குழு ஒப்பியிருக்குமா என்று கேட்டார். ஒப்பியிருக்காது. மேலும், என் மனம் கைப்பேசிகளின் மேலேயே இருந்ததால் நான் முதலில் கழற்றியிருக்கக்கூடியது வைஃபை பெட்டியின் கேபிளைத்தான், காணொளி அழைப்பும் அதனுடன் போயிருக்கும், எதுவும் தெளிந்திருக்காது.

பதிவுக் கோப்புகளை இன்று அழித்துவிட்டேன்.

2023 செப்டம்பர் 2, சனி

சுவிட்ச் எரிந்துவிட்டது. மின்வெட்டு நேரத்தில் ரூட்டரையும் ஃபைபர் பெட்டியையும் உயிரோடு வைக்க எங்களிடம் ஒரு சிறிய யுபிஎஸ் இருக்கிறது. இணைப்பின் நடுவில் உட்காரும் எந்தப் பெட்டிக்கும் அதிலிருந்தே மின்சாரம் வேண்டும். இல்லாவிட்டால் ரூட்டருக்கு மின்சாரம் இருந்தும் இணைப்பு அறுந்துவிடும். அதற்காகச் சுவிட்சை யுபிஎஸ்ஸில் இணைக்கும்போது, 5 வோல்ட் வேண்டிய பெட்டியில் 12 வோல்ட் முனையைச் செருகிவிட்டேன். இரண்டு முனைகளும் ஒரே அளவு. புகைகூட வரவில்லை, விளக்குகள் ஒருமுறை ஒளிர்ந்து அணைந்தன. பெட்டியின் அடியில் அச்சிட்ட வோல்ட்டைப் படிக்காதது என் தவறு. புதியதை என் சொந்தப் பணத்தில் வாங்கி வைத்து, ஒவ்வொரு முனையிலும் வோல்ட் அளவை எழுதிய துண்டுத்தாளைக் கட்டியிருக்கிறேன்.

2023 செப்டம்பர் 10, ஞாயிறு

பதிவுப்பெட்டியின் ஏற்ற வேகத்துக்கு 2 மெகாபிட் வரம்பு வைத்தோம். முழுக் காட்சிகளும் பெட்டியின் உள்வட்டில் இருக்கின்றன, அவற்றை வெளியே ஏற்றுவது நள்ளிரவுக்குப் பின். வகுப்பின் இரண்டு மணி நேரத்திலும் பிங் 30 மில்லிநொடியைத் தாண்டவில்லை.

பாடம் தொடங்குமுன் அந்த ஆறு மாணவர்களையும் எல்லார் முன்னிலையிலும் எழுந்து நிற்கச் சொல்லி, நான் சொன்னது தவறு என்று மன்னிப்புக் கேட்டேன். எல்லார் முன்னிலையிலும்தானே கடிந்தேன். அவர்களில் ஒரு பெண் வகுப்பு முடிந்ததும் வந்து, "தாத்தா, அந்த வரைபடத்தை எனக்கும் காட்டுங்கள்" என்றாள். அவளே கோட்டைப் பார்த்து, தட்டையாகக் கிடக்கும் இடம்தான் நிரம்பிய இடமா என்று கேட்டாள். ஆம் என்றேன்.

2023 செப்டம்பர் 23, சனி

புரட்டாசிச் சனிக்கிழமை. கோயிலில் காலை முதல் கூட்டம், பூசை நேரலையாகவும் போனது. போன ஆண்டு இதே நேரலை அறுந்து அறுந்து போனதற்குக் கூட்டத்தின் கைப்பேசிகளைத்தான் குறை சொன்னோம். இப்போது நினைத்தால் அன்றும் கேமராக்கள் ஏற்றிக்கொண்டிருந்திருக்கும். இன்று நேரலைக்கு 4 மெகாபிட், பதிவுப்பெட்டிக்கு 2. மூன்று மணி நேரம் தடையில்லை.

2023 செப்டம்பர் 25

என்னைப் போலவே வாங்கியவர்களுக்கு ஒரு திருத்தம். மிரரிங்கை அமைத்தபடியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். பிரதி வரும் ஐந்தாம் துளையில் யார் கணினியைச் செருகினாலும் மண்டபத்தின் போக்குவரத்து முழுவதும் அவருக்குத் தெரியும். ஆகஸ்டு 27க்குப் பின் நான் அதை அணைக்கவில்லை என்பதும், எரிந்த பெட்டிக்கு மாற்றாக வைத்ததிலும் அதே அமைப்பைச் செய்து வைத்திருந்தேன் என்பதும் இன்றுதான் கவனத்துக்கு வந்தது. அணைத்துவிட்டேன், நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றினேன். ஐந்தாம் துளையின் மேல் சிவப்பு நாடா ஒட்டி, மீண்டும் அளவெடுக்க நேர்ந்தால் முதலில் பெற்றோர் கடிதம் என்று அதன் மேல் எழுதியிருக்கிறேன்.